வெள்ளைத் தாலுகா

ஜூன் 9, திங்கள்

இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் ஓசியில் கொடுத்த டைரி ஆறு மாதமாகச் சும்மா கிடந்தது. இன்றுதான் பிரிக்கிறேன். செங்காட்டூரில் அக்கா வீட்டு மாடி அறையில் உட்கார்ந்திருக்கிறேன். மின்விசிறி கிரீச் கிரீச் என்கிறது. சாரல் ஆரம்பித்துவிட்டதால் அது ஓடாவிட்டாலும் பாதகமில்லை.

வந்த காரணத்தை எழுதிவிடுகிறேன். எனக்குத் திருநெல்வேலியில் புற்றுநோய்ப் பதிவகத்தில் உத்தியோகம். யார் எந்தப் புற்றுநோயில் இறந்தார்கள் என்று ஊர் ஊராகக் கணக்கெடுத்து, லட்சம் பேருக்கு இத்தனை என்று வீதம் போட்டு, வரைபடத்தில் தாலுகா தாலுகாவாகச் சிவப்புத் தீட்டுவது என் பிழைப்பு. இந்த வருடம் கணையப் புற்றுநோய்க்குப் படம் போட்டோம். பத்து வருடமாக எல்லாப் பக்கமும் நிறம் ஏறிக்கொண்டே வருகிறது. நடுவில் செங்காட்டூர் தாலுகா மட்டும் பத்து வருடமும் வெள்ளை, சலவைக்குப் போட்டு எடுத்த வேட்டி மாதிரி. எங்கள் டாக்டர் பிரிசில்லா மேடம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அதைப் பார்த்து, "இந்த ஊர்ல யாருக்கும் கணையமே கிடையாதா நயினார்?" என்று கேட்டார். அந்த அம்மாள் சிரிக்காமல் கேலி செய்கிற ரகம். வீடு வீடாகப் போய் விசாரித்து வா என்று அனுப்பிவிட்டார்.

அத்தானுக்கு என்னைக் கண்டால் கொண்டாட்டம். அக்காளைக் கட்டியவருக்கும் அக்காள் தம்பிக்கும் கேலி பேசத்தான் உரிமை என்பதில் எங்கள் அத்தான் கோமதிநாயகம் ரொம்பக் கறார். முப்பது வருடத்தில் எங்களுக்குள் ஒரு நேர்ப்பேச்சு நடந்ததில்லை. அவர் அப்பா இறந்த அன்று மாலையோடு போய் நின்ற என்னிடம், "எனக்கு வாங்கினதா மாப்ளே? கொஞ்சம் பெரிசா இருக்கே" என்று காதில் சொன்னவர். அப்புறம்தான் அழுதார்.

வெள்ளைத் தாலுகா கதையைச் சொன்னதும், "இதுக்குப் போயி கவலப்படுதீரே. உம்ம படத்துல நானே ஒரு புள்ளி வைக்கேன்" என்றார். நான் சிரித்த சிரிப்பில் காபி புரையேறி, அக்கா ஓடிவந்து உச்சந்தலையில் தட்டினாள்.

சாயங்காலம் பேனா வாங்கக் கிளம்பினேன். அக்கா வாசல்வரை துரத்திவந்தாள். "ஏலே, எழவு வீட்ல இருந்து போற மாதிரி சொல்லாமப் போறியே. போயிட்டு வாறேன்னு சொன்னா வாய் வலிக்குமா?" என்ன செய்ய, இறந்தவர் வீடுகளுக்கே போய்ப் போய் இப்படி ஆகிவிட்டது. அங்கெல்லாம் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. சத்தமில்லாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அதே பழக்கம் கல்யாண வீட்டிலும் வந்துவிடுகிறது. ஊரில் எனக்கு மரியாதை தெரியாதவன் என்று பெயர்.

ஜூன் 10, செவ்வாய்

மழை. எங்கும் போகவில்லை. அக்கா கையால் ரசவடை. நான் எண்ணவில்லை, அக்கா எண்ணினாள். அத்தான் ஒன்றைக்கூடத் தொடவில்லை. "எல்லாம் உமக்குத்தான் வே, எழவு வீட்ல பட்டினி கிடக்கிற ஆளு" என்று தட்டைத் தள்ளிவிட்டார்.

ஜூன் 12, வியாழன்

வேலை ஆரம்பம். எங்கள் விசாரணை என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. இறந்தவர் வீட்டில் உட்கார்ந்து, கடைசி மாதங்களில் அவருக்கு என்னென்ன செய்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். பசி எப்படி இருந்தது, ஆள் மெலிந்தாரா, வலி எங்கே, கண் எப்படி. அந்தப் பதில்களை வைத்து என்ன நோய் என்று மேடம் முடிவு செய்வார்.

போன வீட்டிலெல்லாம் காமாலை. செங்காட்டூர்க்காரர்கள் வேறெதிலும் சாவதில்லை போலிருக்கிறது. இங்கே காமாலைக்குப் பேர்போன வைத்தியர் ஒருவர் இருக்கிறார். கீழாநெல்லி, மோர், உப்பில்லாப் பத்தியம். காமாலை இறங்கினால் வைத்தியரின் கைராசி. இறங்காவிட்டால் நோயாளி பத்தியம் தப்பிவிட்டான். நானும் இப்படி ஒரு உத்தியோகத்துக்குப் போயிருக்கலாம்.

காமாலைக்கு முன்னால் நடுமுதுகில் வலி உண்டா என்று கேட்டால் உண்டு என்கிறார்கள். புதிதாகச் சர்க்கரை வந்ததா? வந்தது. ஆள் மெலிந்தாரா என்று கேட்கும்போது பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். கணையத்தின் தலைப்பக்கம் கட்டி வந்து பித்தம் இறங்குகிற குழாயை அடைத்தால் இப்படித்தான் ஆகும். கேட்கக் கேட்கவே எனக்குத் தெரிந்துவிடுகிறது. அவர்களில் பாதிப்பேருக்கும் தெரியும். ஆனால் வாய் திறக்க மாட்டார்கள். "அவுக வீட்ல புத்து இருக்கு" என்று ஒரு சொல் கிளம்பினால் அந்த வீட்டில் பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். காமாலை என்றால் குடும்பத்துக்குப் பழுதில்லை. ஊர் பேசாமல் இருந்ததில் என் படம் வெள்ளையாகிவிட்டது.

சாப்பாட்டில் அத்தானுக்கு மட்டும் கஞ்சி. என்ன அத்தான் விரதமா என்றேன். பிரஷராம். சித்திரையில் சர்க்கரையும் வந்திருக்கிறதாம். மகளுக்குச் சம்பந்தம் பேசப் போகிற சந்தோஷத்தில் இனிப்பு உள்ளேயே ஊறுகிறது என்கிறார். கல்யாணத்துக்காக உடம்பைக் குறைக்கிறார் என்று அக்காவும் பெருமையாகச் சொன்னாள். மாப்பிள்ளை யார், நீங்களா என்று கேட்டேன். அக்கா கரண்டியை ஓங்கினாள்.

ஜூன் 14, சனி

ஆலடிப்புதூர் போனேன். போன வீட்டு அம்மாள் பெயர் சொர்ணம்மாள். புருஷன் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர், போன வருடம் காலமானார். ஊருக்குக் காமாலை. நான் கேள்வியை ஆரம்பிப்பதற்குள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். மகனுக்குப் பெண் பார்க்கிறாளாம், வெளியே மூச்சு விடக் கூடாதென்று பிள்ளையார் படத்தைக் காட்டிச் சத்தியம் கேட்டாள். எங்கள் வேலைக்கு விதியே அதுதான் தாயி, கேட்டதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியமும் செய்தேன்.

அதன்பிறகு அந்த அம்மாள் நிறுத்தவே இல்லை. "ஸ்கேன்ல கட்டின்னு வந்துட்டு சார். ஒடனே அறுத்தா எடுத்துரலாம்னாரு டாக்டரு. மக கல்யாணம் முடியட்டும்னு இவுகதான் தள்ளிப் போட்டாக. யார்ட்டயும் சொல்லாதன்னு என் கையப் புடிச்சிக்கிட்டாக. பந்தலப் பிரிச்சிட்டுப் போனா, இனிமே அறுக்க முடியாதுன்னுட்டாரு."

இத்தனை வருடத்தில் எத்தனையோ கேட்டிருக்கிறேன். இது மனதை என்னவோ செய்தது. முறைப்படி சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தேன். முறை தெரிஞ்ச ஆளு என்று பின்னால் அந்த அம்மாள் சொன்னது கேட்டது. அக்கா இதைக் கேட்டிருக்க வேண்டும்.

ஜூன் 16, திங்கள்

அத்தானுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. கதவு நிலையில் முதுகை வைத்துத் தேய்க்கிறார், எருமை தோற்றது. "மச்சினன் வந்து ஒரு வாரம் தங்கினா அரிக்கத்தான் செய்யும்" என்றார். நல்ல பதில். மறந்துவிடாமல் இருக்க எழுதிவைக்கிறேன்.

ஜூன் 18, புதன்

அத்தான் பெல்ட்டில் ஆணி வைத்துப் புது ஓட்டை போட்டுக் கொடுத்தேன். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு திரிகிறார். மெட்ராஸ் ஐயாம். ஒட்டிக்கொள்ளும் என்று அக்காவைப் பக்கத்திலேயே விடுவதில்லை. இந்த வயதில் என்ன ஸ்டைலோ.

ஜூன் 22, ஞாயிறு

சிரிப்பதா, ஓடி ஒளிவதா என்று தெரியாத நாள்.

அக்கா மகள் நித்யகல்யாணியைப் பெண் பார்க்க வந்தார்கள். தாய்மாமன் என்ற கெத்தில் கேசரித் தட்டோடு கூடத்துக்குள் நுழைந்தேன். நடு நாற்காலியில் பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருந்தது சொர்ணம்மாள். தட்டைப் பக்கத்து நாற்காலிக்காரருக்கு நீட்டினேன். அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை என்று முடிவு செய்துகொண்டோம். "தம்பி என்ன வேல பாக்காக?" என்று அக்காவிடம் கேட்டாள். கணக்கு வேலை என்று நானே முந்திச் சொன்னேன். "நல்ல வேல" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

பையன் நல்ல பையன். நித்யாவுக்குப் பிடித்திருக்கிறது, மாடிப்படியில் என்னை நிறுத்தி அவளே சொன்னாள். அவர்கள் போனபிறகு அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பையனின் அப்பா வெறும் காமாலையில் போனவர்தானாம், சீக்கு எதுவும் இல்லாத குடும்பமாம். "ஆமா, சுத்தமான குடும்பம்" என்று அத்தானும் கண்ணாடிக்குள்ளிருந்து சொன்னார். வரும் ஞாயிறு மாப்பிள்ளை வீட்டில் நாங்கள் கை நனைக்க வேண்டும். அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் உறுதி. ஆவணியில் கல்யாணம்.

ஜூன் 24, செவ்வாய்

மாலையில் விசாரணைத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அத்தான் மாடிப்படியில் நின்று நின்று ஏறி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, "என்னையும் ஒருக்க விசாரிச்சிரும் மாப்ளே. பொறவு வந்து உம்ம அக்காளப் போட்டு அழவைக்காண்டாம்லா" என்றார். செத்தவனிடமே நேரில் கேட்டால் கணக்கு சுத்தமாக இருக்கும் என்பது அவர் வாதம்.

எனக்கும் குஷி. தாளை எடுத்து, ஆபீஸ் குரலில் இறந்தவர் பெயரைக் கேட்டேன். கோமதிநாயகம், நல்ல மனுஷன், மச்சினன்தான் சரியில்லை என்றார். பசி எப்படி என்றேன். தையிலேயே சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டதாம், என்னை மாதிரி. எடையைக் கேட்டதற்கு பெல்ட்டில் நான் போட்ட ஓட்டையைத் தொட்டுக் காட்டினார். வலி எங்கே என்றதற்குத் திரும்பி உட்கார்ந்து நடுமுதுகைக் காட்டினார். சர்க்கரை எனக்கே தெரியும். அரிப்பும் தெரியும். அங்கே வந்தபோது என் குரல் ஆபீஸ் குரலாக இல்லை.

அடுத்த கேள்வி கண். நான் கேட்கவில்லை. அவரே கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு கண்ணும் மஞ்சள்.

"மொத நாளே சொன்னேம்லா, புள்ளி வைக்கேன்னு. நீரு புரையேறச் சிரிச்சீரு."

வைகாசியில் தனியாகப் போய் ஸ்கேன் எடுத்திருக்கிறார். கட்டி கணையத்தின் தலையில். பரவவில்லை, இப்போதே அறுத்தால் எடுத்துவிடலாம், நாள் கடத்தினால் முடியாது என்று சொல்லியிருக்கிறார்கள். இவர் ஆவணி முடியட்டும் என்கிறார். ஆபரேஷன் என்றால் என்ன ஏது என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்பார்கள், தெரிந்தால் சுத்தமான குடும்பத்துக்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள், நித்யாவுக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது. அக்காவிடம் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கோபத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர்மேல் பாதிக் கோபம், என்மேல் பாதி. ஊரார் வீட்டிலெல்லாம் உட்கார்ந்து கேட்ட கேள்வி இந்த வீட்டில் எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லையே. அவர் எதைச் சொன்னாலும் சிரிக்கப் பழகிவிட்டேன்.

ஜூன் 25, புதன்

என் பிழைப்பைப் பாருங்கள். இந்த வீட்டு ரகசியமும் என் வயிற்றில், அந்த வீட்டு ரகசியமும் என் வயிற்றில். இரண்டும் ஒரே ரகசியம். அந்த வீட்டுக்குப் பயந்து அத்தான் சாகக் கிடக்கிறார். அந்த வீட்டிலோ அதே நோய்க்கு ஒருவரைக் கொடுத்துவிட்டு எங்களுக்குப் பயந்து வியர்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் இருக்கிறது என்றார் ஜோசியர். பதினோராவது பொருத்தம் எனக்கு மட்டும் தெரியும், சொல்ல முடியாது.

மேடத்துக்குப் போன் போட்டேன். ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் சொன்னால் ஒரு உயிர் பிழைக்கும் என்றால் சொல்லலாமா என்று பொதுவாகக் கேட்டேன். "சொல்லக் கூடாது நயினார். பொதுவா இருந்தாலும் சரி, உங்க அத்தானா இருந்தாலும் சரி" என்றார். இந்த அம்மாளிடம் எதையும் மறைக்க முடியாது. அறுவை செய்கிற டாக்டரிடம் தேதி வாங்கித் தருவதாகவும், ஆளை எப்படியாவது கிளப்பிக்கொண்டு வரும்படியும் சொல்லி வைத்துவிட்டார்.

எப்படியாவது என்றால் எப்படி?

ஜூன் 27, வெள்ளி

என் வாய்க்குத்தான் பூட்டு. சொர்ணம்மாள் கண்ணுக்குப் பூட்டு இல்லையே.

ஜூன் 29, ஞாயிறு

ஆலடிப்புதூர் போய் வந்தோம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அத்தான் ஒரு திட்டத்தோடு வந்திருந்தார். வயிறு சரியில்லை என்று சொல்லிக் கூடத்திலேயே உட்கார்ந்துகொள்வது, நாங்கள் மட்டும் பந்தியில் கை நனைப்பது. அதை நான் கெடுத்தேன். பெண்ணைப் பெற்றவர் கை நனைக்காமல் என்ன சம்பந்தம், தாய்மாமன் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன். மாப்பிள்ளை வீட்டாரும் கையைப் பிடித்து இழுக்க, போய் உட்கார வேண்டியதாயிற்று. கறுப்புக் கண்ணாடிக்குள் அவர் முறைத்தது வெளியே தெரிந்தது. அவர் இலைக்கு எதிரே சொர்ணம்மாள் நெய்க் கிண்ணத்தோடு நின்றாள்.

பருப்பில் நெய் விழுந்ததும் அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சோற்றை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளினார். பாயசத்தைப் பார்க்கவே இல்லை. இடது கையால் தொடையைச் சொறிந்தார். அந்த அம்மாள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நெய்க் கிண்ணத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். ஒரு தம்ளரில் சோறு வடித்த கஞ்சித்தண்ணீர் கொண்டுவந்து இலை ஓரத்தில் வைத்தாள். அத்தான் அதை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"எங்க வீட்டு அவுகளுக்கும் கடேசில இதுதான் இறங்குச்சு" என்றாள்.

அத்தான் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி, அந்தக் கண்ணாடியக் கழத்துங்க."

"மெட்ராஸ் ஐ மதினி. ஒட்டிக்கிடும்."

"ஒட்டட்டும்."

அவர் கழற்றினார். அக்கா அப்போதுதான் முதல் தடவையாக அந்தக் கண்ணைப் பார்த்தாள். நித்யா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சொர்ணம்மாள் அழவில்லை. மகன் பக்கத்தில் நிற்க, புருஷனுக்கு வந்தது காமாலை இல்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். மகள் கல்யாணத்துக்காகத் தள்ளிப் போட்டதையும் சொன்னாள். "நான் ஒரு பந்தலப் பாத்துட்டேன் அண்ணாச்சி. இன்னொண்ணு வேண்டாம். கல்யாணம் தையில வச்சுக்கிடுவோம். நீங்க மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. எழுந்திரிச்சு வந்து தாரவார்த்துக் குடுங்க, வாங்கிக்கிடுதோம்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க ஒரு வார்த்த சொல்லலியே" என்றாள். திட்டினாளா பாராட்டினாளா என்று இன்னும் விளங்கவில்லை. நான் எனக்கு வைத்த பாயசத்தைக் குடித்தேன். வேறு என்ன செய்ய?

ஜூன் 30, திங்கள்

அக்கா காலையில் கறுப்புக் கண்ணாடியை அம்மிக்கல்லில் வைத்து நசுக்கினாள். அப்புறம்தான் பேசினாள்.

"என்கிட்டச் சொல்லாம வேற யார்ட்டச் சொன்னீக?"

"உன் தம்பிகிட்டச் சொன்னேன். சிரிச்சான்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை. நாள் முழுவதும் எங்கள் இருவரோடும் பேசவில்லை. பேசாமலேயே ஆஸ்பத்திரிக்கு வேட்டி, துண்டு, பிளாஸ்க் எல்லாம் எடுத்துவைத்தாள். என் சட்டையையும் துவைத்துப் போட்டிருந்தாள்.

ஜூலை 9, புதன்

ஆபரேஷன். தள்ளுவண்டியில் உள்ளே போகும்போது அத்தான் தலையைத் தூக்கி, "போயிட்டு வாறேன் மாப்ளே" என்றார். வாங்க என்று சொல்ல வேண்டும். நான் கையைத்தான் ஆட்டினேன்.

ஜூலை 10, வியாழன்

கண் விழித்தார். என்னைப் பார்த்து முதல் வார்த்தை, "நீருதானா? அப்ப இது சொர்க்கம் இல்ல." கட்டியை முழுவதும் எடுத்துவிட்டார்கள். வெளியே வந்து அழுதேன். டீக்கடைக்காரர் காசு வாங்கவில்லை, யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார் பாவம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

புதுப் படம் தயார். செங்காட்டூர் வெள்ளை இல்லை, மாவட்டத்திலேயே கருஞ்சிவப்பு அதுதான். சொர்ணம்மாள் தானாக முன்வந்து என்னோடு இரண்டு தெருவுக்கு நடந்தாள். அவள் தன் வீட்டுக் கதையைச் சொன்னதும் மற்ற வீடுகளிலும் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்கள். சாத்தினால் என்ன, சொன்னார்கள். மேலிடத்திலிருந்து போன் வந்தது, ஒரே வருடத்தில் எப்படி இவ்வளவு ஏறியது, தண்ணீரில் ஏதாவது கலந்திருக்கிறதா என்று. "நோய் பழசு சார். இப்பத்தான் சொல்றாங்க" என்றார் மேடம், சிரிக்காமல்.

அத்தானின் ரிப்போர்ட்டும் வந்தது. கட்டிக்குப் பக்கத்தில் ஒரு நிணநீர் முடிச்சிலும் நோய் இருந்திருக்கிறது. மருந்து ஏற்ற வேண்டும். எத்தனை வருடம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கணக்கு எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

முதலில் பேசியிருந்த முகூர்த்தம் இன்றைக்குத்தான். கல்யாணம் தைக்குப் போய்விட்டதால் வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை. நான் லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். அக்கா ரசவடை போட்டாள். அத்தான் ஒன்றை எடுத்துப் பாதி தின்றார். மீதியை நான் எடுக்கப் போக, கையில் அடித்தார். அடி வலித்தது. அக்காவுக்கு அப்படி ஒரு சந்தோஷம், எனக்கு இன்னும் நாலு வடை வைத்தாள்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கிவிட்டேன். கட்டிலில் இருந்து சத்தம் வந்தது.

"இது எழவு வீடா வே?"

நின்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அக்கா கொடுத்த தண்ணீரைக் குடித்து, முறையாக எழுந்து நின்றேன்.

"போயிட்டு வாறேன் அத்தான்."

"வாரும். வரும்போது உம்ம படத்தக் கொண்டாரும். என் புள்ளிய எங்க வச்சிருக்கீருன்னு பாக்கணும்."

"அது செத்தவுக படம். உங்களுக்கு அதுல என்ன சோலி?" என்றேன்.

முப்பது வருடத்தில் முதல் தடவையாகக் கடைசி வார்த்தையை எனக்கு விட்டுக்கொடுத்தார். கையை மட்டும் ஆட்டினார்.